கேப்பை மாவும் கருப்பட்டிப் பாகும்

— தட்டுக்குத் தனித் துணி, மாவுக்குத் தனித் துணி. நீ பிஸ்கட்டு சுட வந்தியா, பூசை வைக்க வந்தியா மேரி?

— கோவிச்சுக்காதீங்கக்கா. பேக்கரித் தட்ட எத்தனை தடவை கழுவுனாலும் ஓரத்துல மைதா ஒட்டியிருக்கும். அதான் வீட்டுலருந்தே தட்டு கொண்டாந்துட்டேன். எனக்கு அடுப்பு மட்டும் போதும்.

— அடுப்புல மட்டும் என்ன வேகுதாம்? உன் மாமனார் காலத்துலருந்து அதுலயும் மைதாதான் வேகுது.

— ஈரச் சாக்க வச்சு ரெண்டு தடவை துடைச்சிட்டேன். மேல இன்னொரு தட்டக் கவுத்துருவேன்.

— துடை, நல்லாத் துடை. கிறிஸ்மசுக்கு ரெண்டு நாள்தான் கெடக்கு. முந்நூறு கேக்கு சுடணும். அத நிப்பாட்டிட்டு அடுப்ப உனக்கு விட்டிருக்கேன். விடலன்னா, இஞ்ஞாசியம்மா சொந்த ஓரகத்திக்கே அடுப்பு தரலன்னு கோயில் வாசல்ல பேசுவாளுக.

— நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன்க்கா.

— நீ சொல்லமாட்ட. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்ப, மத்தவங்க சொல்லுவாங்க. சரி, இது என்ன மாவு, இம்புட்டுக் கறுப்பா?

— கேப்பை. அவரு எரியோட்டுச் சந்தையிலருந்து வாங்கியாந்து, கல்லு பொறுக்கி, திருகையில போட்டு அரைச்சாரு. மில்லுல குடுத்தா நமக்கு முன்னால யாராச்சும் கோதுமை அரைச்சிருப்பாங்கல்ல.

— யாரு, துரையா? திருகை சுத்துனானா?

— பூட்டுப் பட்டறை விட்டு வந்து ரெண்டு நாளா சுத்துனாரு. நான் சுத்துறேன்னாலும் விடல.

— பூட்டு ராவுற கைக்கு அது வேறயா. இந்தா பாரு, இந்தக் கடையில இருந்தான்னா அண்ணனும் தம்பியுமா மொதலாளி. இப்ப நாகல் நகர்ல வாடகை வீடு, எவன் பட்டறையிலயோ கூலி வேலை.

— நான் போகச் சொல்லலக்கா. எம்பிள்ளை அமலன் போயி முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறு வாரம், இனிமே கடைக்குப் போகலன்னாரு. ஏன்னு நான் கேக்கல. நீங்கள்லாம் என்னப் பேசுன பேச்சு பொறுக்காமத்தான் வந்துட்டாருன்னு நெனச்சேன்.

— நெனச்சுக்க. பாகு எந்தப் பதத்துல எறக்குன?

— கம்பிப் பதத்துக்குக் கொஞ்சம் முந்தி. கருப்பட்டி மண்ணு போக ரெண்டு தடவை வடிகட்டிட்டேன். சுக்கு, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் துருவல் துளியூண்டு.

— வாசம் என்னமோ நல்லாத்தான் இருக்கு. ஆனா மாவு சேராதே. மைதான்னா இழுத்த இழுப்புக்கு வரும். இது மணலாட்டம் உதிருது பாரு.

— மொத தடவை வீட்டுல பானையில மணல் போட்டு சுட்டேன். அடி கருகிருச்சு, மேல பச்சையா நின்னுச்சு. எடுக்குறப்ப அம்புட்டும் பொடிஞ்சு போச்சு. வினிதா அந்தப் பொடியவே அள்ளித் தின்னா. நல்லாருக்கும்மான்னா. அதப் பாத்துட்டுத்தான் இங்க வந்தேன்.

— முட்டை ஒண்ணுதான ஊத்துன? ரெண்டு ஊத்து. மரவள்ளிக் கெழங்கு மாவு ஒரு கை போடு, அது பிடிச்சு நிறுத்தும். பிரிக்காத பாக்கெட்டு பரண்ல இருக்கு. கொஞ்சம் நகரு, நான் பெசையுறேன்.

— அக்கா, வேணாம். உங்க கையில மைதா இருக்கு.

— இருந்தா?

— சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க.

— என் கடையில என்னையே கை கழுவச் சொல்ற.

— நகத்துக்குள்ளயும் கழுவணும்க்கா.

— உனக்கு நெஞ்சழுத்தம்தான். சரி ஊத்து, தண்ணிய ஊத்து. இம்புட்டுப் பாக்கணுமா? பண்டிகை நாளும் அதுவுமா ஒரு துண்டு கேக்கு தின்னா பிள்ளை என்ன செத்தா போயிரும்?

— போன வாரம் பள்ளிக்கூடத்துல கிறிஸ்மஸ் விழா. பக்கத்துப் பிள்ளை தட்டுல இருந்த கேக்க எடுத்துத் தின்னுட்டா. தெரியாம இல்ல, தெரிஞ்சேதான். நாலு நாளு வயித்தால போயி கண்ணு குழிஞ்சு கெடந்தா. நாலாம் நாள் எங்கிட்ட கேக்குறா, "அம்மா, நான் திருடித் தின்னேன்ல, அதுக்குத்தான் சேசு தண்டிச்சிட்டாரா"ன்னு. ஏழு வயசு. அதுக்குத்தான்க்கா இம்புட்டும். எல்லாப் பிள்ளை தட்டுலயும் ஒண்ணு இருக்கும்போது, அவ தட்டுலயும் அவளுக்குன்னு ஒண்ணு இருக்கணும்.

— சரி, சரி. கையில வச்சு அமுக்கு. ரொம்பத் தட்டையாக்காத, ஓரம் தீஞ்சுரும். வை உள்ள. அந்த மூலையில வை, அங்கதான் சூடு நிதானமா இருக்கும்.

— எத்தனை நேரம்க்கா?

— காமணி நேரம். செத்த உக்காரு. நின்னுக்கிட்டே இருந்தா சீக்கிரம் வெந்துராது.

— அமலனும் இப்படித்தான்க்கா இருந்தான். வயிறு மட்டும் பானையாட்டம், கை காலு குச்சி குச்சியா.

— அவன் பேச்ச இப்ப எடுக்காத.

— ஏன்க்கா? இந்தக் கடையில வச்சுத்தான எல்லாரும் எடுத்தீங்க. பெத்தவளே சோறு ஊட்டாம சாகக் குடுத்துட்டான்னு. நான் அவன மண்ணுல வச்சிட்டு வந்து குளிக்கக் கூட இல்ல, அதுக்குள்ள சொன்னீங்க.

— சொன்னேன். இல்லேங்கல. என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு. இங்க வந்தா என் மடியில உக்காந்து பாலுல ரஸ்க நனைச்சு நனைச்சுத் திம்பான். உன் வீட்டுக்குப் போயிட்டு வந்தா எலும்பும் தோலுமா வருவான். நான் வேற என்னத்த நெனப்பேன்?

— அந்த ரஸ்குதான்க்கா அவனக் கொன்னுச்சு.

— வாய அளந்து பேசு.

— அளந்துதான் பேசுறேன். வினிதாவுக்கு என்னவோ அதேதான் அவனுக்கும். கோதுமை உள்ள போனா அந்தக் குடலு வெந்து போகுதாம். என்ன சாப்பிட்டாலும் ஒடம்புல ஒட்டாதாம். திங்கத் திங்கத்தான் அவன் எளைச்சிருக்கான்.

— எனக்குன்னு ஒரு பிள்ளை இல்ல மேரி. ஆசைக்கு ஊட்டுனேன்.

— தெரியும். நானும்தான் ஊட்டுனேன். சோறு எறங்கலன்னா ரஸ்கு குடுன்னு நீங்க சொன்னீங்க, நானும் குடுத்தேன். தெரியாம செஞ்சதக் கேக்க நான் வரல.

— அப்ப எதக் கேக்க வந்த?

— தெரிஞ்சு செஞ்சத.

— பொம்மையா, நீ போயி முன்னால கடையப் பாருப்பா. மொதலாளி சாப்பிடப் போகணும்னாரு. அந்த டின்ன நான் அடுக்கிக்கிறேன், நீ போ. ம். இப்பச் சொல்லு.

— அமலன அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம்ல, கொழாய விட்டு குடல்லருந்து துளியூண்டு சதை எடுத்தாங்க. முடிவு தெரிய மூணு வாரம் ஆகும், தபால்ல எழுதுறோம், விலாசம் சொல்லுங்கன்னாங்க. நாங்க அப்ப வீடு மாறிக்கிட்டு இருந்தோம். அதனால கடை விலாசத்தக் குடுத்தோம்.

— அதுக்கு?

— இந்த ஜூன் மாசம் வினிதாவ அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். கூடப் பொறந்தவங்க உண்டான்னு டாக்டரம்மா கேட்டாங்க. ஒருத்தன் இருந்தான், செத்துட்டான்னேன். பேரக் கேட்டுட்டு பழைய பேப்பர் கட்டத் தேடி எடுத்தாங்க. நமக்கு எழுதுன கடுதாசியோட நகல் அதுல இருந்துச்சு. தமிழ்ல படிச்சுச் சொன்னாங்க. ரொட்டி, பன்னு, ரஸ்கு, கோதுமையில செஞ்ச எதுவும் குடுக்கக் கூடாது, நிப்பாட்டுனா பிள்ளை தேறிரும்னு எழுதியிருக்கு. எம்பத்திரெண்டு ஆகஸ்டு மாசத் தேதி. அமலன் செத்தது நவம்பர்.

— மாதாவே.

— மூணு மாசம்க்கா. முழுசா மூணு மாசம் இருந்துச்சு. "கடுதாசி போட்டும் ஏம்மா குடுத்தீங்க"ன்னு அந்த அம்மா என்னத்தான் கேட்டாங்க. வரலன்னு சொன்னேன். நான் பொய் சொல்றேன்னு அவங்க நெனக்கிறது மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு.

— ஜூன்லயே தெரியும், இப்ப டிசம்பர்ல வந்து கேக்குற.

— துணிச்சல் வரல. அவருகிட்டயும் சொல்லல. சொன்னா நேரா இங்க வந்து உங்கள வெட்டிருவாரு.

— துரை உங்கூட வரலையா ஆஸ்பத்திரிக்கு?

— அங்கதான் கூட்டிட்டுப் போகணும்னு அடம்பிடிச்சதே அவருதான். ஆனா உள்ள வரல. அமலன் நெனப்பு வரும்னு கேட்டுலயே நின்னுட்டாரு. அக்கா, இந்த உலகத்துல எம்மேல ஒரு பழி சொல்லாத மனுசன் அவரு ஒருத்தருதான். இப்ப டீக்கடையில ஒரு பன்னு தின்னாக் கூட வாய் கொப்புளிச்சு, சட்டைய மாத்திட்டுத்தான் பிள்ளையத் தூக்குறாரு. அமலன் போனதுலருந்து வீட்டுக்குள்ள ரொட்டி பன்னு வாங்கி வந்ததில்ல. நான்தான் பாவி. பிள்ளை ஆசப்படுறாளேன்னு அவருக்குத் தெரியாம வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். அப்படித்தான் இவளுக்கும் வந்துச்சு.

— அடுப்பப் பாரு.

— பேச்ச மாத்தாதீங்க.

— மாத்தல. வெந்திருச்சு, வெளிய எடு. ஒரு பிள்ளைக்குத்தான் பண்டிகைக்கு இம்புட்டு, அதையும் தீய விடாத. சூட்டுல தொடாத, உடைஞ்சுரும். ஆறுனாத்தான் இறுகும்.

— இறுகட்டும். கடுதாசி வந்துச்சா, வரலையா?

— வந்துச்சு.

— எவ்வளவு லேசா சொல்றீங்க.

— நீளக் கவரு. தபால்காரரு எங்கையிலதான் குடுத்தாரு.

— பேக்கரிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கே மைதா ஆகாதுன்னு வெளிய தெரிஞ்சா யாவாரம் படுத்துரும். அதுக்காகத்தான மறைச்சீங்க?

— நான் பிரிக்கவே இல்ல. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அதுல பேரு, விலாசம் எல்லாம் இங்கிலீஸு. நான் பிரிச்சு என்ன செய்ய? சாயங்காலம் துரை கடை கடையா ரொட்டி போட்டுட்டு சைக்கிள்ள வந்தான். அவன் கையில குடுத்துட்டேன்.

— யாரு கையில?

— உன் வீட்டுக்காரன் கையில.

— இல்ல.

— நீ நிக்கிற எடத்துலதான் நின்னு பிரிச்சான்.

— வாங்கியிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பாரு.

— அவனுக்கே வெளங்காதத எப்படிச் சொல்லுவான்? எட்டாவதுல பெயிலானவன். இங்கிலீஸுல அவன் கையெழுத்தத் தவிர ஒண்ணும் தெரியாது.

— கல்யாணம் பேசும்போது பத்து பாசுன்னு சொன்னீங்க.

— நான்தான் சொன்னேன். மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காருன்னு உங்கப்பா கேட்டாரு, வாயில வந்தது. அதக் கேட்டுத்தான் உன்னக் குடுத்தாரு. அன்னையிலருந்து உன் முன்னால அந்தப் பொய்யக் காப்பாத்திக்கிட்டு இருக்கான் அவன்.

— பேப்பர் படிப்பாரு. இங்கிலீஸ் காயிதம் எது வந்தாலும் வாங்கிப் பாப்பாரு.

— பாப்பான்.

— அப்ப, அதுல என்ன இருந்துச்சுன்னு அவருக்கு எப்பத்தான் தெரியும்?

— முப்பதாம் நாள் பூசை கழிச்சு. டிரங்குப் பெட்டியில கெடந்துச்சுன்னு எடுத்துட்டு வந்தான். மனசுல என்னமோ உறுத்திருக்கு. மருந்துக் கடைக்காரருகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னான், நானும் கூட நின்னேன். அவரு ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னாரு. இவன் அழுகல. தண்ணி கேட்டான், குடிக்காம கீழ வச்சிட்டான். மறு வாரம் வேலைய விட்டான். போறப்ப எங்கால்ல விழுந்தான், "மேரிக்கு மட்டும் தெரிய வேணாம் மதினி, தெரிஞ்சா அவளும் போயிருவா"ன்னு. அன்னைக்கப்புறம் நான் உன்ன ஒரு வார்த்த பழி சொல்லியிருக்கேனா, யோசிச்சுப் பாரு.

— சொன்னத எடுக்கவும் இல்லயேக்கா. நாலு வருசம் கோயிலுக்குப் போறப்பல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போனேன். நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க.

— ஆமா.

— அவரு வாய் தொறந்திருந்தா நான் இவளுக்கு ஒரு பன்னு வாங்கிக் குடுத்திருப்பேனா?

— மாட்ட.

— அன்னைக்கு அந்தக் கவரப் பிரிச்சுப் பாத்துட்டு உங்ககிட்ட என்ன சொன்னாரு?

— வேணாம் மேரி. பிஸ்கட்டு ஆறிருச்சு, எடுத்து டப்பாவுல போடு. பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்.

— என்ன சொன்னாருன்னு கேட்டேன்.

— மேலருந்து கீழ வரைக்கும் பாத்தான். மடிச்சு சட்டைப் பையில வச்சான். "பிள்ளைக்கு நல்லா சாப்பிடக் குடுக்கச் சொல்லி எழுதியிருக்காங்க மதினி"ன்னு சொல்லிட்டு, தெனம் ஒரு பாக்கெட்டு ரஸ்கு கொண்டு போறவன், அன்னைக்கு ரெண்டா எடுத்துக்கிட்டுப் போனான்.