மூலை அறையில் சத்தமில்லை

எனக்குச் சத்தம் ஆகாது. வீட்டில் ஒரு தட்டு உருண்டால்கூட மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அப்படிப்பட்டவனைப் பிடித்துச் சிறையில் தலைமைக் காவலராக்கி, மூன்றாம் பிளாக்கையும் தலையில் கட்டினீர்கள். நீங்கள் விசாரணை அதிகாரி, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதுகிறவர். ஒரு பிளாக்கே சேர்ந்து தட்டால் கம்பியில் அடிக்கும்போது நடுவில் நின்றிருக்க மாட்டீர்கள். அதனால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பிளாக் அடங்கியது வாத்தியார் வந்த பிறகுதான். குண்டு வைத்த வழக்கில் வந்தவர். கைதிகள் வைத்த பெயர்தான் வாத்தியார். தனியாக அடைக்க வேண்டிய ஆள் என்று உத்தரவு இருந்தது. நான் மூலை அறையில் நாலு முரடர்களோடு போட்டேன். சில வாரங்களில் நாலு பேரும் பெட்டிப் பாம்பாகிவிட்டார்கள். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். அவர் பேச்சில் உலகத்தில் இரண்டே கூட்டம்தான்: நாம், அவர்கள். என்ன சொன்னார் என்று நான் காது கொடுக்கவில்லை. கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், எனக்கு அது போதும்.

பிறகு எவன் கத்தினாலும் மூலை அறைக்கு அனுப்பினேன். விபத்து வழக்கில் ஒரு லாரி டிரைவர் வந்தான். மகள் பெயரைச் சொல்லி ஓயாமல் அழுவான். அங்கே போனதும் அழுகை நின்றது. பார்க்க வந்த மனைவியைக்கூட, "அவ நம்ம ஆளு இல்ல சார், போகச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டான். மேலிடம் என் பிளாக்கைப் பாராட்டியது. வாத்தியாருக்குத் தலையாட்டாத சிலர் மட்டும் முகம் வீங்கி வந்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். நான் தோண்டித் துருவவில்லை. இவ்வளவு ஒழுங்கான அறையைச் சோதனை போடுவது மரியாதையாகப் படவில்லை, அதையும் நிறுத்தினேன். ஒருநாள் அவர்களுடைய வாளியில் கைப்பிடிக் கம்பி இல்லை. பார்த்தேன். பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

என் தங்கை புருஷனும் அதே பிளாக்கில் காவலர். என் சிபாரிசில் காக்கி போட்டவன். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"மச்சான், இது அடக்கம் இல்ல. ஆள் சேக்குறாங்க. அந்த டிரைவர் என்னைப் பாக்குற பார்வையே சரியில்ல."

"மாப்பிள்ள, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றேன்.

அவன் பார்த்த வேலை, என்னைத் தாண்டிக் கண்காணிப்பாளரிடம் போனது. மூலை அறைக்காரர்களைப் பிரித்து ஆளுக்கொரு சிறைக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து வருடம் நான் நாய்படாத பாடுபட்டுக் கடைசியில் கண்ட அமைதி, ஒரு கோள்மூட்டியால் போகப் போகிறது. அவனை நான் அன்றைக்கு வெறுத்தேன். இதை மறைக்க ஒன்றுமில்லை.

ஊரை விட்டு அனுப்பப்படுகிறவருக்கு முன்கூட்டிச் சொல்வதுதான் முறை. வாத்தியாரிடம் சொன்னேன். போட்டுக்கொடுத்தது யார் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் உள்ள ஆள் எண்ண வர்றது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

"மாப்பிள்ளைதான். தனியா அனுப்புறேன்" என்றேன்.

எங்கள் விதி உங்களுக்குத் தெரியும். எண்ணப் போகிறவர் சாவி வைத்திருக்கக் கூடாது. சாவிக்காரர் வெளியே நின்று கம்பிக் கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே என்ன நடந்தாலும், கூடுதல் ஆட்கள் வரும்வரை திறக்கக் கூடாது. உள்ளே இரண்டு பேர் போக வேண்டும் என்றும் இருக்கிறது. அன்றைக்கு அந்த ஒன்றைத்தான் நான் மீறினேன்.

அவன் உள்ளே போனான். பூட்டினேன். டிரைவர் பாயைச் சுருட்டுவதுபோல் குனிந்து அந்த வாளிக் கம்பியை எடுத்தான். முனை நன்றாகத் தீட்டப்பட்டிருந்தது. மற்றவர்கள் மாப்பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், கதவத் தொறங்க. மச்சான், புள்ள இருக்கு மச்சான்."

சாவி என் கையில்தான் இருந்தது. விதிப்படி நின்றேன். அபாய மணியை அடித்தேனா என்று கேட்கிறீர்கள். அடித்தேன். அவன் அடங்கிய பிறகு அடித்தேன்.

தங்கை என் முகத்தில் விழிப்பதில்லை. அவளுக்கு விளக்கிச் சொன்னால் புரியும். மூலை அறை கடைசிவரை கட்டுப்பாடாகத்தான் இருந்தது. அன்றைக்கு அங்கே சத்தம் போட்டது அவள் புருஷன் ஒருவன்தான்.