விடு என்று சொல்லும் வரை

இரவு பதினொன்றேகால். ப்ரஷி கேப் மலைச்சாலை இறக்கம். மேலிருந்து கீழே ஏழு மைல்… ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. மழை அப்போதுதான் விட்டிருந்தது.

எங்கள் பட்டறைக்கு வந்து போவானே ரஸ், அவனுடைய அக்கா புருஷனுக்கு நடந்தது இது. லொவெல் என்று பெயர். மரம் அறுக்கும் ஆலையில் வேலை. ஐம்பத்தைந்தாம் வருடத்துக் கார் ஒன்று வைத்திருந்தான். பச்சையும் வெள்ளையுமாக, படகு மாதிரி நீளம். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து அதற்குப் புது இன்ஜின், ஐந்து கியர் பெட்டி, பின் அச்சு எல்லாம் மாற்றியிருந்தான். பிரேக் மட்டும் பழசு. நாலு சக்கரத்துக்கும் அதே பழைய டிரம் பிரேக்.

"ஓடறதுக்கு இவ்வளவு பண்றியே லொவெல், நிக்கறதுக்கு எப்ப பண்ணப் போறே?" என்று அவன் மனைவி நடீன் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பனிக்காலம் முடியட்டும். முதல் வேலை அதுதான்."

அன்று கார் கண்காட்சி முடிந்து இரண்டு பேரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள்; நடீன் பெரிய பொத்தான் வைத்த கோட்டைக் கழுத்துவரை மாட்டியிருந்தாள். நாலாவது மைலில் காந்தல் வாடை வந்தது. ஐந்தாவதில் பிரேக் பெடல் தரையைத் தொட்டது. எடுத்தான், மிதித்தான்… எடுத்தான், மிதித்தான்… ஒன்றும் பிடிக்கவில்லை. அவளும் தன் பக்கத்துத் தரையை இரண்டு காலாலும் மிதித்தாள். அங்கே பெடல் கிடையாது. தெரிந்தேதான் மிதித்தாள்.

லொவெலுக்கு மூன்று விலா எலும்பு முறிந்தது. நடீன் வீடு திரும்பவில்லை.

அடக்கத்தன்று ரஸ் லொவெலின் காதருகே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். "இன்ஜின் நல்லா இழுத்துச்சா?" அதற்கப்புறம் இரண்டு வருடம் பேச்சு கிடையாது.

காரைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லி ஊரே சொன்னது. லொவெல் கேட்கவில்லை. ஆலை முடிந்து வந்து தினமும் கொட்டகையைத் திறந்தான். நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டி நேராக்கினான். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வாங்கிப் பூட்டினான். புது மாஸ்டர் சிலிண்டர், புதுக் குழாய்கள். இனிமேல் அதெல்லாம் எதற்கு? அவனுக்கே தெரியாது. செய்யாமல் படுத்தால் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

நவம்பரில் ஒரு இரவு வேலை முடிந்தது. பிரேக் குழாயில் இருக்கிற காற்றை எடுப்பது ஒன்றுதான் பாக்கி; காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்தி அப்படியே பிடித்திருக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து சக்கரத்தருகே உள்ள ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி வெளியேறியதும் மூட வேண்டும். மூடிவிட்டு 'விடு' என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம். லொவெல் எந்தக் காருக்குக் காற்று எடுத்தாலும் மேலே உட்காருவது நடீன்தான்.

இப்போது அவன் தனி. ஸ்க்ரூவைத் திறந்து வைத்தால் பிரேக் எண்ணெய் காற்றோடு தானாகச் சொட்டும்… நேரம் பிடிக்கும், ஆனாலும் ஆகும். கார் நாலு ஸ்டாண்டின் மேல் நின்றது. சக்கரம் இன்னும் மாட்டவில்லை, டிஸ்க் மட்டும். பின்பக்கம் கீழே படுத்தான். ஸ்பேனரை வைத்தான். பழக்கதோஷம்… வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அழுத்து."

மேலே… க்ரீச்.

கையிலிருந்த குழாயில் எண்ணெய் சீறிக்கொண்டு வந்தது. குமிழி… குமிழியாக. ஸ்க்ரூவை மூடினான். வெகுநேரம் கழித்து, "விடு" என்றான்.

மேலே பெடல் எழும்புகிற சத்தம்.

வெளியே வந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்ற பயம். அழுதுகொண்டே ஒவ்வொரு சக்கரமாக நகர்ந்தான். அழுத்து… விடு. அழுத்து… விடு. நாலாவது சக்கரத்தில் கடைசிக் குமிழியும் போயிற்று. ஸ்க்ரூவை மூடினான். 'விடு' என்று மட்டும் சொல்லவில்லை.

ஊர்ந்து வெளியே வந்தான். பின்னாலிருந்த சுவர் சிவந்திருந்தது. பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருக்கை காலி. பெடல் பாதி ஆழத்தில் அழுந்தியபடியே நின்றது.

ரஸ்ஸுக்குப் போன் செய்தான். "நடீன் வந்திருக்கா" என்றான்.

குடித்திருக்கிறான் என்று நினைத்து, அடிக்கிற கோபத்தில்தான் ரஸ் வந்தான். கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டான். அந்தக் காந்தல் வாடை… ஒரு தடவைகூட உரசாத புது பிரேக்கில் எப்படி வரும்? குனிந்து பெடலுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. ஒரு ஆள் எடை அதன் மேல் இருந்தது. கொஞ்சமாக… நடுங்கிக்கொண்டும் இருந்தது.

"விடச் சொல்லு" என்றான் ரஸ்.

"சொன்னா போயிடுவா."

"அடப்பாவி! ரெண்டு வருஷமா எங்கக்கா இதை மிதிச்சுக்கிட்டே இருக்கா. இன்னுமா மிதிக்கணும்? சொல்லு!"

லொவெல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.  அப்புறம் சொன்னான்.

"விடு, நடீன்."

பெடல் மெல்ல எழும்பியது. சுவரில் சிவப்பு அணைந்தது. இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள்.

அப்புறம்தான்… ஒரு சின்ன உரசல்.

முன்பக்க டிஸ்க் திரும்பியது. பிறகு பின்பக்கமும். இன்ஜின் ஓடவில்லை, கியர் விழவில்லை. அந்தரத்தில் நின்ற காரில் நாலு டிஸ்க்கும் சுற்றின… மெதுவாக… கொஞ்சம் வேகமாக… இன்னும் வேகமாக. இறக்கத்தில் காலை எடுத்தால் கார் போகுமே, அப்படி.

"ஐயோ, பிடி! பிடி!" என்று கத்திக்கொண்டு லொவெல் உள்ளே பாய்ந்தான். பெடலை மிதித்தான். அது சொத்தென்று தரைவரைக்கும் போயிற்று. காற்றெல்லாம் எடுத்த புது பிரேக்… ஒன்றும் பிடிக்கவில்லை. எடுத்தான், மிதித்தான்… எடுத்தான், மிதித்தான்…

ரஸ் பார்த்தது இதுதான். லொவெலின் இடது கை ஸ்டீயரிங்கில். வலது கையைப் பக்கத்து இருக்கைக்குக் குறுக்கே நீட்டியிருந்தான், திடீரென்று நிறுத்தும்போது பக்கத்தில் இருப்பவரைத் தடுப்போமே அப்படி. அந்தக் கை வெறும் காற்றில் நிற்கவில்லை. எதுவோ முன்னால் வந்து மோதியது போல, முழங்கையிலிருந்து வளைந்து… அழுந்தி… நின்றது.

பிறகு நாலு டிஸ்க்கும் ஒரே நொடியில் நின்றன.

விடிகிறவரை இரண்டு பேரும் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். விடிந்ததும் ரஸ் லொவெலின் வலது சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டிவிட்டான். முன்கை முழுக்கக் கருநீலமாகக் கன்றியிருந்தது. அதன் நடுவில், ஒரே வரிசையில், மூன்று வட்டங்கள்…

கோட்டுப் பொத்தான் அளவு.