சூளைக்கு அடுத்த வலது வளைவு

என் கையெழுத்து அழகாக இருக்கும், நீதிபதி அவர்களே. பதினோரு ஆண்டுகள் ஒரெஸ்தேவின் லான்சியா ஃபுல்வியா பந்தயக் காரில், ஓட்டும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வழி வாசித்தவன் நான். ஒவ்வொரு வளைவுக்கும் நோட்டில் ஓர் எண் இருக்கும். இரண்டு என்றால் நன்றாக வேகத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதித்த காலை எடுக்கவே வேண்டாம். மூடுபனியில் ஓட்டுபவனுக்குச் சாலை தெரியாது, பக்கத்தில் இருப்பவன் குரல்தான் சாலை.

அந்த வண்டி மலைப் பந்தயத்துக்கென்றே செய்தது. கதவுகூட அலுமினியம். எங்கள் ஊர் பியெல்லாவில் அப்படி ஒன்றுதான் இருந்தது. வலப்பக்க இருக்கை என் முதுகுக்கு ஏற்றபடி பள்ளம் விழுந்திருந்தது.

அந்த இருக்கையை ஒரெஸ்தே சர்வேயர் துல்லியோவுக்குக் கொடுத்துவிட்டான். எனக்குக் கண் மங்கியதுதான் காரணம். மதுக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னான்.

"நீ வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள வளைவே பின்னாடி போயிடுது, தெல்ஃபீனோ. கோவிச்சுக்காதப்பா. நோட்டை அவன்கிட்ட கொடுத்துடு."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஆண்டு பனி விழுந்து கணவாய் அடைபட்டு, பந்தயத்தன்று காலையில்தான் திறந்தது. முன்னதாக ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுக்க யாருக்கும் வாய்க்கவில்லை. போன ஆண்டு நோட்டுதான் கதி. நான் அதற்கு இரண்டு பிரதி எடுத்தேன். சுண்ணாம்புச் சூளைக்கு அடுத்த வலது வளைவுக்கு ஒன்றில் இரண்டு என்று எழுதினேன், மற்றதில் ஐந்து. ஐந்து இருந்ததைத் துல்லியோவிடம் கொடுத்தேன். கட்டிப்பிடித்து நன்றி சொன்னான்.

பந்தயம் பார்க்க அந்த வளைவிலேயே இடம் பிடித்துக்கொண்டேன். மூடுபனிக்குள் வண்டி வரும் சத்தம்தான் முதலில் கேட்டது. ஒரெஸ்தே காலை எடுக்கவேயில்லை. என் எழுத்தை அவ்வளவு நம்பியிருக்கிறான் என்று அப்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பள்ளத்தில் முதலில் இறங்கியவன் நான்தான். ஒரெஸ்தே இறந்திருந்தான். துல்லியோ கால்கள் முறிந்து நினைவில்லாமல் வெளியே கிடந்தான். அவன் நோட்டை எடுத்துக்கொண்டு, இரண்டு என்று எழுதிய சரியான பிரதியை அங்கே போட்டேன்.

துல்லியோ தப்பாக வாசித்துவிட்டான் என்று விசாரணையில் முடிவானது. ஒரெஸ்தேவின் மனைவி அவனைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். இரண்டு ஆண்டுகள், ஞாயிறு தவறாமல், ஹேசல்நட் கேக்கும், விசாரணை முடிந்து என்னிடம் திரும்பி வந்த அந்த நோட்டுமாகத் துல்லியோ வீட்டுக்குப் போனேன். அவனே கேட்பான், பக்கத்தைக் காட்டச் சொல்லி.

"நெசமாவே ரெண்டுதான் போட்டிருந்துச்சா?"

"ரெண்டுதான்டா. விடு. பதட்டத்துல யாருக்கும் கண்ணு தப்பும்."

அழுவான். நான் கைக்குட்டை கொடுப்பேன். போன செவ்வாய்க்கிழமை ஊன்றுகோலைப் பாலத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஆற்றில் குதித்துவிட்டான்.

ஒரெஸ்தேவைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். துல்லியோவையும் என் கணக்கில் சேர்க்கிறீர்களே, அதற்கு மட்டும் ஒப்ப மாட்டேன். ஊரே அவனை வெறுத்தபோது அவனை மன்னித்தவன் நான் ஒருவன்தான்.