ஆர்லீன் வீட்டு நீலத் தட்டு

சுவரில் தட்டு மாட்டுவதற்கு முன்னால் அதே அளவில் காகிதம் வெட்டி ஒட்டி, சில நாள் பார்க்க வேண்டும். காலை வெயிலிலும் பார்க்க வேண்டும், விளக்கு வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஆணி அடிக்கிறவர்கள் வீட்டுச் சுவர் அம்மை வந்த முகம் மாதிரி ஆகிவிடும்.

காப்பியைக் குடியுங்கள், தம்பி. அந்தக் கோப்பை என் அம்மாவைவிட மூத்தது, ஆனாலும் பயப்படாமல் பிடியுங்கள். ஷெரிஃப் அலுவலகத்தில், போலீஸ் வேலைக்கு நடுவே, காகிதக் குவளையில் குடித்துக் குடித்து உங்களுக்கெல்லாம் உதடே மரத்துப் போயிருக்கும்.

ஆர்லீன் வீட்டு மாடிப்படிச் சுவரில் முட்டை வடிவத்தில் ஓர் இடம் மட்டும் வெளுக்காமல் இருக்கிறது, அங்கே என்ன இருந்தது என்றுதானே கேட்டீர்கள்? உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பிப் பாருங்கள். எவ்வளவு பாந்தமாக உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா?

இந்தச் சுவருக்குக் கடுகு மஞ்சள் அடிக்கப்போகிறேன் என்றபோது பெயிண்ட் கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். நீலத் தட்டுக்கு வெள்ளைச் சுவர் ஆகாது, ஆஸ்பத்திரிக் களை வந்துவிடும். மஞ்சளில்தான் நீலம் வாய் திறந்து பேசும். ஜன்னலில் அந்தப் பச்சைக் கூஜாக்கள், முட்டைக்கோஸ் இலை மாதிரி இருப்பவை, அவற்றுக்கு எதிர்வெயில் வேண்டும். இந்த ஊரில் கேரட் போடத் தோட்டத்தைக் கொத்தினால் முதலில் உடைந்த கோப்பைக் காதுதான் வரும். ஆற்றங்கரை முழுக்கப் பீங்கான் ஆலைகளாக இருந்த ஊர். எங்களுக்கு இது இரத்தத்திலேயே இருக்கிறது. என் கணவர் டேலுக்கு மட்டும் இல்லை. "இந்த வீட்டுல முழங்கைய மடக்கக்கூட எடமில்ல, வெர்னா" என்று சொல்லிவிட்டு ஃப்ளோரிடாவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போனபின் அவருடைய நாற்காலி இருந்த இடத்தில் இந்தக் கண்ணாடி அலமாரி வந்தது. நல்ல மாற்றம்.

ஆர்லீனும் நானும் சனிக்கிழமைதோறும் அவள் வண்டியில் கிளம்பிவிடுவோம். யாராவது இறந்துபோனால் வீட்டுச் சாமானை விற்பார்களே, அங்கெல்லாம் முதல் ஆளாக நிற்போம். அவளைப் போல ஒரு துணை கிடைக்காது. ஒரே குறை, வாங்கிய பொருளை அவளுக்கு மதிக்கத் தெரியாது. ரோஜாப்பூக் கிண்ணத்தில் சட்டைப் பொத்தான் போட்டு வைப்பாள். விளிம்பில் தங்கம் பூசிய தட்டில் பூனைக்கு மீன் வைப்பாள்.

"அது நூறு வயசு தட்டுடி, ஆர்லீன்."

"பூனைக்கும் கிட்டத்தட்ட அவ்ளோ ஆகுது. ரெண்டு கிழமும் ஒண்ணா இருந்துட்டுப் போவட்டும்."

சிரிக்காமல் என்ன செய்வது? பேச்சில் அவளை மிஞ்ச முடியாது.

இந்த நீலத் தட்டை எடுத்தவளும் அவள்தான். நானும் அதை நோக்கித்தான் கை நீட்டினேன், அவள் கை நீளம். தட்டில் வரைந்திருக்கும் அந்தக் கோட்டையைப் பாருங்கள், ஆற்றில் தண்ணீர் குடிக்கிற இரண்டு பசுக்களைப் பாருங்கள். அதன்மேல் வான்கோழியை வைத்து, நவம்பர் மாத நன்றித் திருநாள் விருந்தன்று கத்தியால் நேராக அறுப்பாள். ஒவ்வொரு கீறலும் என் பல்லில் கூசும். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி அதை அவள் மாடிப்படிச் சுவரில் மாட்ட வைத்தேன். என் சுவரில் அதற்கென்று காகிதமும் வெட்டி ஒட்டினேன். சும்மா, பார்க்கத்தான். அவள் வந்து பார்த்தாள்.

"என்னடி, உன் சுவரு முட்ட போட்டிருக்கு?"

"உன் நீலத் தட்டுக்கு எடம்."

"ஆசையப் பாரு. நான் செத்தா எடுத்துக்கோ."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள், தம்பி. அவள் வாயாலேயே சொன்னது.

அப்புறம்தான் அரிசோனாவில் இருக்கும் அவளுடைய அண்ணன் மகனின் பெண்டாட்டி கெய்லி இதில் நுழைந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு பொழுதுபோக்கு. பழைய தட்டுகளைத் துணியில் சுற்றி, சுத்தியலால் அடித்து நொறுக்கி, சில்லுகளைச் சிமெண்டில் பதித்துப் பறவைகள் குளிக்கத் தொட்டி செய்வாள். ஆர்லீன் போனில் படம் காட்டினாள். யாருடைய கல்யாணத் தட்டோ, ரோஜா ரோஜாவாகச் சிதறிக் கிடந்தது. 

"அவளுக்கு நீலம் வேணுமாம். என் தட்டத்தான் அனுப்பலாம்னு இருக்கேன்," என்றாள்.

என் அலமாரியில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அதை மட்டும் எனக்குக் கொடு என்றேன். பச்சைக் கூஜாக்கள் அத்தனையும் தருகிறேன் என்றேன்.

"தட்டுதானே வெர்னா? நீ என்னமோ புள்ளையத் தத்து கேக்கற மாதிரி கேக்கற. குருவிங்க குளிச்சிட்டுப் போவட்டும், போ."

கோபம் வரவில்லை. அதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வேலையில் கோபத்தைத்தான் தேடுவீர்கள். மறுநாள் காலை அவள் கூப்பிட்டதும் உதவிக்குப் போனேன். போகும்போது நானே சுட்ட ஆப்பிள் பை கொண்டுபோனேன்.

மடக்கு ஏணியை மாடிப்படியின் உச்சியில் போட்டிருந்தாள். அங்கே போடாதே என்று சொன்னேன், கேட்கவில்லை. அவள் ஏறினாள், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கொக்கியிலிருந்து தட்டைக் கழற்றிக் கீழே நீட்டினாள். அவ்வளவு பெரிய தட்டை ஒரு கையால் வாங்க முடியாது. ஏணியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கினேன்.

ஏணி ஆடவில்லை. உங்கள் அறிக்கையில் ஏணி ஆடி அவள் விழுந்தாள் என்று எழுதியிருக்கிறீர்களாம். அது தவறு. நல்ல ஏணி, அசையாமல் நின்றது.

"அத அந்தப் பழைய துண்டுல சுத்தி வச்சிட்டு வந்து ஏணியப் புடி," என்றாள். "மொதல்ல சுத்தியாலதான் ஒரு போடு போடணுமாம், கெய்லி சொன்னா."

அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுடைய கடைசி நிமிடங்கள் சந்தோஷமாகப் போயின, அது எனக்கு ஆறுதல்.

நான் தள்ளினேன் என்று எழுதுவீர்கள். தள்ளவில்லை. என் இரண்டு கையும் தட்டில் இருந்தன. அவள் ஏணியிலிருந்து இறங்கிக் கால் வைக்கிற இடத்தில் என் காலைத்தான் நீட்டினேன்.

கீழே விழுந்தபிறகும் அவளுக்கு நினைவு இருந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். படியில் பார்த்துப் பார்த்து இறங்கினேன், கையில் தட்டு இருக்கிறதே. "தட்டுக்கு ஒண்ணும் ஆகல, ஆர்லீன்," என்று சொன்னேன். போன், போன் என்று ஏதோ முணுமுணுத்தாள். முதலில் வீட்டுக்கு வந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் தட்டைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காகிதத்தை உரித்துவிட்டு மாட்டினேன். ஒரே ஆணி, கோணாமல் நின்றது. பிறகு திரும்பிப் போனேன். பேச்சு நின்றிருந்தது. அப்புறம்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

பூனை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதற்கு எவர்சில்வர் கிண்ணம் வாங்கிவிட்டேன்.

உங்களுக்கு இது விளங்கச் சற்று நேரம் ஆகலாம். கெய்லி அந்தத் தட்டை உடைத்திருந்தால், ஆர்லீன் பின்னால் நினைத்து நினைத்து வருந்தியிருப்பாள். அந்த வருத்தம் அவளுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன்.