பதினாலாவது படத்துக்குக் கீழே

— ஏனுங்க கிளாடிஸ் அக்கா, பதினாலாவது படத்த ரிப்போர்ட்டுக்குள்ள யாருங்க சேத்துனது?

— எந்தப் படம் கண்ணு? மொத்தம் முப்பத்தாறு படம் வந்திருக்குது. பக்கத்துக்கு நாலுன்னு அடுக்கி அடுக்கி, காலைல இருந்து கண்ணு ரெண்டும் எரியுது.

— நான் சோதிச்சுப் பாத்த அன்னூர்ப் பள்ளிக்கூடத்து மூணாங்கிளாஸ் மேக்கூரைங்க. ரிப்போர்ட்டுல போடச் சொல்லி நான் குடுத்த லிஸ்ட்டுல அது இல்லவே இல்லீங்க. அதான் கேக்கறேன், யாரு சேத்துனது?

— உன்ற போன்ல எடுக்கறது எல்லாம் தானா இங்க வந்து உழுகுது நிஜாம். எடுத்த நேரப்படி அதுவே வரிசை கட்டிக்குது. நான் கோணலா இருக்கறத நேராக்கி, கீழ குறிப்பு ஒழுங்கா ஒக்காந்திருக்குதான்னு பாக்கறேன். அவ்வளவுதான் என்ற வேலை.

— நான் அத அப்பவே போன்ல அழிச்சுப்போட்டனுங்க.

— எடுத்த நிமிசமே மேல ஏறிக்கும் சாமி. போன்ல அழிச்சா போன்லதான் போகும். ஆமா, எதுக்கு அழிச்ச?

— ஆடிப்போச்சுங்க. படம் தெளிவா இல்ல.

— தெளிவா இல்லியா? இந்தா, பெருசு பண்ணிக் காட்டறேன் பாரு. உன்ற மஞ்ச டேப்பு நீட்டி வெச்சிருக்குது, நம்பரு கூடப் படிக்க முடியுது. இதுவா ஆடிப்போச்சு?

— சரிங்க, அத உடுங்க. கீழ ஒரு குறிப்பு இருக்குதுங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க? "வெடிப்பு ஒன்றரை அடி. அங்க நிக்காதீங்க. மேல காரை உப்பிப்போயி நிக்குது, எப்ப வேணா உழுகும்." நிக்காதீங்கன்னு எவனாச்சும் ரிப்போர்ட்டுல எழுதுவானுங்களா? நான் எழுதலீங்க. இந்த ஆபீஸ்ல ரிப்போர்ட்டத் தொடறது நம்ம ரெண்டே பேருதானுங்க.

— அப்ப நான் எழுதுனேங்கறயா?

— உங்க தம்பி ஜேக்கும் இந்த சூப்பர்வைசர் வேலைக்குக் கேட்டிருந்தாருங்களாமா. எனக்குக் கெடச்சதுல உங்களுக்கு வருத்தம்னு நம்ம மொதலாளி தாமஸ் சாரே ஒருக்கா சொன்னாருங்க. அதான் கேக்கறேன்.

— அடப்பாவி! ஜேக்கு ஓசூருக்குப் போயி நல்லாத்தான் இருக்கறான். ரெண்டு வருசமா நீ தலகீழா எடுத்து அனுப்பற படத்தையெல்லாம் திருப்பி வெக்கறவ நானு. வாய்க்கு வந்ததப் பேசாத, ஆமா!

— கோவிச்சுக்காதீங்க. அந்தப் படத்தையும் குறிப்பையும் எடுத்துப்போடுங்க. அஞ்சு மணிக்கு ரிப்போர்ட்டு பள்ளிக்கூடத்துக்குப் போகோணும்.

— அந்தப் படம் இல்லாமப் போச்சுன்னா திங்கக்கெழம அந்தக் கிளாஸத் தொறந்துருவாங்க. நம்ம ரிப்போர்ட்டுக்குத்தான் பூட்டி வெச்சுட்டுக் காத்திருக்கறாங்க. தெரியுமில்ல?

— தெரியுமுங்க.

— தெரிஞ்சுமா எடுக்கச் சொல்ற? சித்த இரு. போன வருசம் அந்தக் கூரைக்குப் பூசுனது யாரு?

— யாரோ ஒரு காண்ட்ராக்டருங்க.

— யாரோவா? ரெண்டாம் பக்கத்துல கொட்டை எழுத்துல பேரு இருக்குது. ஷாஹுல். உங்கக்கா ரிஃபானா ஊட்டுக்காரரு பேரும் ஷாஹுல்தான? நிக்காவுக்கு உக்கடத்துக்கு நானும் வந்திருந்தனே, அந்த ஷாஹுல்தான?

— அவரேதானுங்க.

— அப்படி வா வழிக்கு.

— இது வெளிய தெரிஞ்சா மச்சானுக்கு இனி ஒரு பள்ளிக்கூடத்து வேலையும் கெடைக்காதுங்க. அக்காளுக்கு இப்ப ஏழு மாசம். எங்க அத்தா போனதுக்கப்பறம் என்னையப் படிக்க வெச்சதே மச்சான்தானுங்க. அவர நானே மாட்டி உட்டுப்போட்டு, எந்த மூஞ்சிய வெச்சுட்டு அந்த ஊட்டுக்குப் போறதுங்க?

— மச்சாங்கிட்டச் சொன்னியா?

— சொன்னனுங்க. முழுப் பரிச்சை லீவுல கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் பூசித் தர்றேங்கறாரு.

— அதுவரைக்கும் நிக்குமா?

— நிக்கும்னுதானுங்க மச்சான் சொல்றாரு.

— மச்சான் சொல்றது இருக்கட்டும். சுத்தியல்ல தட்டிப் பாத்தவன் நீ. நிக்குமா?

— பேச்ச மாத்தாதீங்கக்கா. மச்சான் பேரப் பாத்துட்டுத்தான் நீங்க இந்தக் குறிப்ப எழுதியிருக்கறீங்க. இப்பல்ல எனக்குப் புரியுது! என்னைய வெளிய அனுப்பறக்கு வழி தேடீட்டு இருந்தீங்க, மாட்டிக்கிச்சு.

— என்ற புள்ளைங்க மேல சத்தியமாச் சொல்றேன், நான் ஒரு எழுத்துத் தொடல. அட, இங்க பாரு. குறிப்புப் பக்கத்துல சின்னதா ஒரு மைக்கு தெரியுதா? இது எழுதுன குறிப்பில்ல நிஜாம், பேசுன குறிப்பு. ஏணி மேல நின்னா ஒரு கைல சுத்தியல், ஒரு கைல டேப்புன்னு நீ மைக்க அமுத்திப்போட்டுப் பேசுவியில்ல? அதுவே எழுதிக்கும்.

— நான் அளவு மட்டும்தானுங்க சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலீங்க.

— நிறுத்த மறந்துருப்ப. இரு, நீ பேசுன சத்தமும் இதுலயே இருக்குது, வெக்கறேன்.

— "வெடிப்பு ஒன்றரை அடி... ஏ! அங்க நிக்காதீங்க! மேல காரை உப்பிப்போயி நிக்குது, எப்ப வேணா உழுகும்! ஓடுங்க கண்ணுங்களா, ஓடுங்க! அந்தச் சின்னப் பாப்பாளயும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க!"

— கடைசில சொன்னத அது எழுதிக்கல போல. இது யாரு குரலு நிஜாம்?

— பந்து எடுக்கறக்கு நாலு புள்ளைங்க உள்ள ஓடியாந்துட்டாங்கக்கா. அவங்கள வெளிய வெரட்டற அவசரத்துல நான் இப்படிக் கத்துனதே மறந்துபோச்சுங்க.

— மறந்துபோச்சா, மறக்கோணும்னு இருந்தியா?

— என்னைய ஏனுங்க இப்படிக் கேக்கறீங்க?

— நான் ஒண்ணும் கேக்கல சாமி. மணி நாலே முக்கா ஆச்சு. நீ சொல்றதச் செய்யறேன். அந்த எடத்துல இருந்து படத்த எடுத்துறட்டுமா?

— எடுத்துருங்க. எடுத்து மொதப் பக்கத்துல வெய்யுங்க, பக்கம் முழுக்கப் பெருசா. குறிப்ப ஒரு எழுத்துக்கூட மாத்தாதீங்க. கீழ என்ற பேரப் போடுங்க.