குசுமோட்டோ விட்டுப்போன வகுத்தல்

மேடையில் வீற்றிருக்கும் நகரத் தலைவர் அவர்களே, திருமதி ஃபுமியே அம்மையார் அவர்களே, ஓனோ நகரத்து மணிச்சட்டத் தொழிலாளர்களே, எங்கள் பகா எண் சங்கத்துத் தோழர்களே, வணக்கம்.

எங்கள் தலைவர், மணிச்சட்ட மேதை குசுமோட்டோ யோஜிரோ மறைந்து இன்றோடு நாற்பத்தொன்பது நாள். அழுவதற்காகவா கூடியிருக்கிறோம்? அவரை நினைத்து அழ வேண்டுமென்றால் முதலில் சிரித்து முடிக்க வேண்டும். அது முடிகிற காரியமா?

31 ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாது. 331-உம் அப்படியே. 3331-உம் அப்படியே. முன்னால் ஒவ்வொரு மூன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் 33333331 வரை ஏழுமே பகா எண்கள். என்ன அழகு! அந்த அழகில் மயங்கி, எட்டாவதான 333333331-ஐ வகுத்தே பார்க்காமல், ஆண்டு விழாவுக்கான கைத்துண்டுகள் இருநூற்றிலும் ‘உடையாத எண்’ என்று அச்சடித்த புத்திசாலி யார்? சங்கச் செயலாளனாகிய நானேதான்!

விழாவன்று காலை குசுமோட்டோ மணிச்சட்டத்தைத் தட்டினார். பதினேழால் வகுத்தார்; எண் சுத்தமாக உடைந்தது. அவரோ, “ஏழு அண்ணன்தம்பி யோக்கியன்னா எட்டாவது ஆளும் யோக்கியனாத்தான் இருக்கணுமாப்பா?” என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு துண்டிலும் தம் கையால் பதினேழு என்று எழுதி, வகுத்துப் பார்க்கச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார். ஊரே வகுத்துப் பார்த்துச் சிரித்தது. என் தப்பையே திருவிழாவாக்கிய மனிதர் அவர்!

நான் விடுவேனா? அடுத்த எண்ணான 3333333331 உடையவே உடையாது என்று சவால் விட்டேன். உடைத்துக் காட்டுகிறேன் என்றார். கணிப்பொறி கூடாது என்பது எங்கள் சங்கத்து விதி. இரண்டில் தொடங்கி ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்தார். மருத்துவமனைக் கட்டிலிலும் வகுத்தார். செவிலியர் மணிச்சட்டத்தைப் பிடுங்கி வைத்தால், போர்வைமேல் விரலை அசைத்தே வகுத்தார். நூற்று இருபத்தொரு பகா எண்கள்! எதற்கும் அது மசியவில்லை. நோட்டில் கடைசி வரி: 661, மீதி 227. அதோடு கை நின்றுவிட்டது. அப்படியானால் நான் ஜெயித்தேனா? அந்த நினைப்பே எனக்குக் கசந்தது. பதில் தெரியாமலே போய்விட்டாரே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

இன்று காலை அவர் துணைவியார் ஃபுமியே அம்மையார் அந்த நோட்டை என் முன் விரித்து, அடுத்ததை நீங்களே போடுங்கள் என்றார். 661-க்கு அடுத்த பகா எண் 673. போட்டேன். மீதி இல்லை. தோழர்களே, மீதியே இல்லை! நம்பாமல் மூன்று தடவை போட்டேன். 673 பெருக்கல் 4952947. தோற்றேன்! என் வாழ்நாளில் எந்த வெற்றியும் இவ்வளவு இனித்ததில்லை.

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கடைசி ஒண்ணை மட்டும் உங்களுக்குன்னு விட்டு வெச்சிருக்காரு பாருங்க. உங்க கையாலேயே உங்களத் தோக்கடிக்கணும்னு.”

பதினோரு இலக்க எண் காத்திருக்கிறது. நாளை மாலை சங்கத்தில் மணிச்சட்டத்தோடு உட்காருவோம். வகுத்துப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்ப மாட்டோம் என்று உங்கள் முன் உறுதி கூறுகிறேன். உடையும் என்றுதான் குசுமோட்டோ சொல்லியிருப்பார். இந்த முறை நான் அவர் கட்சி.