இரண்டு முழம் கீழே

தோட்டத்துக்குப் பம்பு வாங்குகிறவர்கள் எல்லோரும், எவ்வளவு வேகமாக இறைக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஐயா, அது தப்பான கேள்வி. எங்கிருந்து இறைக்கிறது என்று கேட்க வேண்டும். எங்கள் தீவில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. விசாரிப்பதற்கென்று தலைநகர் தாராவாவிலிருந்து கப்பலேறி வந்த போலீஸ்காரர் நீங்கள். குழாய் தானாக நழுவியதா என்று மட்டும்தான் கேட்டீர்கள். நழுவவில்லை.

வாலிபத்தில் நான் ஜெர்மன்காரர்களின் கப்பல்களில் என்ஜின் அறையில் வேலை பார்த்தவன். பெண்கள் சங்கத்துக் காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வெளிநாட்டு உதவி வந்தபோது, ஊர்க்கூடமான மனியாபாவில் கூடிய பெரியவர்கள், "பம்பு விவகாரம் தெகாயிக்குத்தான் தெரியும், அவனே பாத்து எடுக்கட்டும்" என்று என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். சங்கத்தின் தலைவி என் மனைவி தெராக்கா.

பம்புகளைப் படகில் ஏற்றிவந்த நபுத்தி, படித்த பையன், மரியாதை தெரிந்தவன்.

"மாமா, கண்ண மூடிக்கிட்டு சோலார எடுத்துக்குங்க. கொஞ்சங் கொஞ்சமாத்தான் இழுக்கும். அதான் நமக்கு நல்லது. நம்ம மண்ணுக்கடியில நல்ல தண்ணி கடல்தண்ணி மேல மெல்லிசா மிதந்துகிட்டு கெடக்கு. வேகமா இழுத்தீங்கன்னா அடியில இருக்கறது மேல வந்துரும்."

"அப்ப அந்தப் பெட்ரோல் பம்பு?"

"அது வேற தீவுக்கு மாமா. அங்க பெரிய மழைத்தொட்டி கட்டியிருக்காங்க."

நான் பெட்ரோல் பம்பை எடுத்தேன். "மேகம் வந்தாப் படுத்துக்குற பம்பு நமக்கெதுக்கு? அதுக்குத்தான் வீட்டுக்கு வீடு மாப்பிள்ளைங்க இருக்காங்களே" என்று பெரியவர்களிடம் சொன்னேன். கூடமே குலுங்கிச் சிரித்தது. சிரித்தவர்கள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. சங்கக் கிணற்றில் குழாயை நல்ல தண்ணீரின் மேல்மட்டத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நபுத்தி படகேறினான்.

ஏன் என்று கேட்பீர்கள். பெரிய அலை வீட்டுக்குள் வந்த வருஷம், கடல் எங்கள் கடைசி மகனைக் கொண்டுபோனது. உடம்பைத் திருப்பித் தந்தது. பபாய்க் கிழங்குக் குழிக்குப் பக்கத்தில் புதைத்தோம். அதற்குப் பிறகு, கடல் ஏறும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நான் தெராக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம் ஐயா. வேறு பெயர் அதற்கு இல்லை. பிரிஸ்பேனில் மூத்த மகள் எங்களுக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருந்தாள். கெஞ்சினேன், அழுதேன், காலில்கூட விழுந்தேன்.

"இந்தக் கெணத்துல குடிக்கத் தண்ணி இருக்கற வரைக்கும் நான் வர மாட்டேன். எம்புள்ளைய யாரு பாத்துக்குவா?" என்றாள் தெராக்கா.

நான் மட்டும் போயிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். மனைவியை விட்டுவிட்டு ஓடுகிற ஆள் இல்லை நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோயிலில் பாடிக்கொண்டிருந்தபோது, சங்கக் கிணற்றில் இறங்கிக் கட்டை அவிழ்த்து, குழாயை இரண்டு முழம் கீழே இறக்கிக் கட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. மற்றதைப் பம்பு செய்தது.

தினமும் காலையில் அதை ஓட்டியது தெராக்கா. எத்தனை சந்தோஷம் அவளுக்கு! "கல்யாணம் ஆன நாள்லருந்து நீ எனக்கு எடுத்துக் குடுத்த ஒரே உருப்படியான சாமான் இதுதான்யா" என்றாள். முதலில் வெள்ளரி இலைகளின் ஓரம் தீய்ந்தது. அடுத்து பபாய் மஞ்சளானது. பக்கத்துக் கிணறுகளில் ஊறுவதும் அதே தண்ணீர்தான். தெராக்காவுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று, குடிக்க மட்டும் கொஞ்சம் மழைத்தண்ணீரைப் பீப்பாயில் மூடி வைத்திருந்தேன். அதனால் டீ கரிப்பதை ஊரிலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவள் அவள்தான்.

பக்கத்து வீட்டுக் கத்தரீனா தாய்ப்பால் வற்றிப்போய், கைக்குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கரைப்பதைப் பார்த்துக்கொண்டேதான் நான் வலை பின்னுவேன். ஒரு செம்பு மழைத்தண்ணீர் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், உங்களுக்கு மட்டும் எப்படி என்று கேட்பாள். குழந்தைக்கு வயிற்றால் போனது, பிறகு வலிப்பு வந்தது. கப்பல் வருவதற்குள் முடிந்துவிட்டது.

மனியாபாவில் அத்தனை பேர் முன்னால் கத்தரீனா எழுந்து நின்றாள். கத்தவில்லை.

"ஒன் வெள்ளரிக்கா நல்லாக் காச்சுச்சாக்கா?" என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டாள்.

தெராக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊர் அவளோடு பேச்சை நிறுத்தியது. மகள் எங்கள் இருவருக்கும் டிக்கெட் அனுப்பினாள். இனி என்ன தடை என்று நான் பாயைச் சுருட்டினேன். தெராக்கா அதை வாங்கி மறுபடி விரித்தாள். "நாந்தானய்யா ஓட்டுனேன். இந்தத் தண்ணி பழையபடி நல்லாகற வரைக்கும் நான் எங்கயும் வர மாட்டேன்" என்றாள். மழை சரியாகப் பெய்தாலும் வருஷக்கணக்காகும் என்கிறான் நபுத்தி. பழுது பார்க்க வந்த இடத்தில் குழாயை அளந்துவிட்டு, உங்களை வரவழைத்ததும் அவன்தான்.

இப்போது அவள் விடியும்போதே எழுந்து, தீவின் வடகோடிக் கிணற்றுக்கு நடந்துபோய் நல்ல தண்ணீர் சுமந்து வந்து கத்தரீனா வாசலில் வைக்கிறாள். கத்தரீனா அதை அவள் கண்ணெதிரிலேயே கொட்டிவிடுகிறாள். மறுநாளும் இவள் போகிறாள். பார்க்கவே எனக்கு மனசு வலிக்கிறது.

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். குழாயை இறக்கியது நான், தெரிந்தே இறக்கினேன், குழந்தை செத்தது அதனால்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். தெராக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தன் கையால்தான் அந்தக் குழந்தை போனது என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். நான்தான் என்று தெரிந்தால் தாங்க மாட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் மனசு நோக நான் ஒரு காரியம் செய்ததில்லை.